வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்

நம் சங்கம் நடத்தும் மருத்துவ முகாம்களில் பல் டாக்டரின் மேஜைக்கு வருகிறவர்கள் பொதுவாக இரண்டு வகை. பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் ஒரு வகை. “கண் டாக்டர் வரிசை நீளமாக இருக்கிறது, அதுவரை இங்கே உட்காருவோம்” என்று வருகிறவர்கள் மற்றொரு வகை. சில ஆண்டுகளுக்கு முன் செம்பூர் முகாமுக்கு வந்த ஓர் அன்பர் இந்த இரண்டிலும் சேராதவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார்.

“வலியெல்லாம் ஒன்றுமில்லை டாக்டர். ஈறு கொஞ்சம் தடித்துப் போயிருக்கிறது. ஆபீசில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.”

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பற்களில் பாதியை ஈறு மூடியிருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மொட்டு மொட்டாகப் புடைத்திருந்தது. பற்களின் அடியில் காரை. “என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “பி.பி.க்கு ஒன்று” என்றார். “வேறு?” என்றேன். பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள்தான் சொன்னார்: “இவருக்குக் கிட்னி மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது டாக்டர். அதற்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சொல்லவில்லை.”

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை. சிறுநீரகமோ, கல்லீரலோ, எலும்பு மஜ்ஜையோ மாற்றிக்கொண்ட ஒருவர் இன்று நம் சங்கக் குடும்பங்களில் யாராவது ஒருவருக்கு உறவினராகவோ நண்பராகவோ இருக்கத்தான் செய்கிறார். இவர்களில் பலர் ஊருக்குப் போய், அங்கே ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வருகிறவர்கள். உறுப்பு கொடுக்கும் அண்ணனோ அக்காவோ அம்மாவோ அங்கே இருப்பதாலும், பார்த்துக்கொள்ள மனிதர்கள் அங்கே இருப்பதாலும் அது இயல்புதான். ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்த டாக்டர் ஓர் ஊரில். மாதாந்திரப் பரிசோதனை செய்யும் டாக்டர் இந்த ஊரில். பல் டாக்டரோ தெரு முனையில். இந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. மூவருக்கும் பொதுவான ஆள் நோயாளி ஒருவர்தான். அவரும் வாயைத் திறந்து சொல்லாவிட்டால்?

முதலில், சம்பந்தம் என்ன என்று பார்ப்போம்.

நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை நம் குடியிருப்பு வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரை உள்ளே விடுவார், தெரியாதவரைத் தடுப்பார். மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் நமக்கு எவ்வளவு வேண்டிய விருந்தாளியானாலும் வாட்ச்மேனுக்கு அது அந்நியன்தான். அடித்து விரட்டப் பார்ப்பார். 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் முர்ரே குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் இந்தத் தொல்லை எழவில்லை. காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர்கள். வாட்ச்மேனுக்கு வித்தியாசமே தெரியவில்லை! எல்லோருக்கும் இரட்டைப் பிறவி கிடைக்குமா? ஆகவே மற்றவர்கள் விஷயத்தில் வாட்ச்மேனைப் பாதித் தூக்கத்தில் வைப்பதற்கு மருந்துகள் தேவைப்பட்டன. நம் நாட்டில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது டாக்டர்கள் கையில் இருந்த மருந்துகள் குறைவு. 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த மருந்து அது. பின்னால் வந்த டாக்ரோலிமஸ், ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. சிரோலிமஸ், பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து வந்தது. மண்ணைப் பொன்னாக்குவது என்பார்களே, அது இதுதான் போலும்.

பெரும்பாலோர் இன்று சாப்பிடுவது மூன்று மருந்துகள்: டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின், கூடவே மைகோபினோலேட், அத்துடன் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு. மாற்றிய உறுப்பு வேலை செய்யும்வரை, அதாவது ஆயுள் முழுவதும், சாப்பிட வேண்டும். விருந்தாளி பிழைத்துக்கொள்கிறார். ஆனால் வாட்ச்மேன் அரைத்தூக்கத்தில் இருக்கிறார் என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

இந்தத் திருடர்கள் கூடியிருக்கும் இடங்களில் முக்கியமானது நம் வாய். எழுநூறுக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளை மனித வாயில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சாதாரண நாட்களில் அவை சாதுவாக இருக்கின்றன. எச்சிலும் ஈறும் வெள்ளை அணுக்களும் அவற்றை அடக்கி வைக்கின்றன. அடக்குகிற கை தளர்ந்தால் சொத்தைப் பல்லின் வேரில் அடைந்து கிடந்த சீழ் தாடைக்கும் கழுத்துக்கும், சில சமயம் ரத்தத்துக்கும் பரவிவிடலாம்.

இதில் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீக்கம், சிவப்பு, வலி, காய்ச்சல் இவையெல்லாம் கிருமி செய்யும் வேலை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பகுதி, கிருமியை எதிர்த்து நம் உடம்பு செய்யும் சண்டையின் சத்தம் அது. ஸ்டீராய்டு அந்தச் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. மற்றவருக்குக் கன்னம் பன்னாக வீங்கியிருக்க வேண்டிய இடத்தில் இவருக்கு லேசான கனம் மட்டும் தெரியும். மற்றவர் இரவெல்லாம் தூங்காமல் துடித்திருப்பார். இவர் “ஏதோ மினுக் மினுக்கென்று இருக்கிறது” என்பார். நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. இவர்கள் விஷயத்தில் புகையே இல்லாமல் நெருப்பு எரியும். ஆகவே “வலி வந்தால் பல் டாக்டரிடம் போவோம்” என்ற நம் பொதுவான வழக்கம் இவர்களுக்குச் சரிப்படாது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வாயைக் காட்ட வேண்டும்.

ஈறு ஏன் வளர்கிறது?

செம்பூர் அன்பருக்கு வருவோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது சைக்ளோஸ்போரின். அந்த மருந்து சாப்பிடும் பெரியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஈறு தடித்து வளர்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். ஈறில் நார்த்திசுவைக் கட்டும் வேலையும், பழையதைக் கரைக்கும் வேலையும் சமமாக நடந்துகொண்டிருக்க வேண்டும். இந்த மருந்து அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. கட்டுவது நிற்பதில்லை, கரைப்பது மட்டும் குறைந்துபோகிறது. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் பினிட்டாயினும் இதே வேலையைச் செய்யும் என்பது 1939-இலிருந்தே தெரிந்த விஷயம்.

மூன்றாவதாக ஒரு கூட்டாளியும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான நிபிடிபின், அம்லோடிபின் வகை மாத்திரைகளும் ஈறை வளர்க்கக்கூடியவை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களில் பி.பி. இல்லாதவர் அபூர்வம். ஆகவே சைக்ளோஸ்போரினும் அம்லோடிபினும் ஒரே வாயில் சேர்ந்துவிடுகின்றன. நம் அன்பருக்கும் அதுதான் நடந்திருந்தது. டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொரு விஷயம். பல் இல்லாத இடத்தில் ஈறு இப்படி வளர்வது அபூர்வம். பல்லின் அடியில் படியும் அழுக்குதான் இந்த வளர்ச்சிக்கு எருப் போடுகிறது. இங்கேதான் ஒரு விஷ வட்டம் சுழலத் தொடங்குகிறது. ஈறு தடித்தவுடன் பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறது. ரத்தம் வருகிறதே என்று பயந்து பல் தேய்ப்பதைக் குறைக்கிறார். அழுக்கு கூடுகிறது. ஈறு இன்னும் தடிக்கிறது. செம்பூர் அன்பர் பல எட்டு மாதங்களாக விரலால்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் காரையை எடுத்துச் சுத்தம் செய்து, மென்மையான பிரஷால் தேய்க்கக் கற்றுக்கொடுத்தேன். கூடவே அவருடைய சிறுநீரக டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் பி.பி. மாத்திரையை முதலில் மாற்றினார். பிறகு, ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக்கொண்டு, சைக்ளோஸ்போரினுக்குப் பதில் டாக்ரோலிமஸுக்கு மாற்றினார். ஆறேழு மாதத்தில் ஈறு தானாகவே பாதிக்குமேல் இறங்கிவிட்டது. மீதி இருந்ததைச் சிறு ஆபரேஷன் மூலம் சீவி எடுத்தோம். மருந்தை மாற்றாமல், அழுக்கையும் எடுக்காமல் ஈறை மட்டும் வெட்டினால் புல் வெட்டிய கதைதான், மறுபடி வளர்ந்து நிற்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் “ஈறு தடிக்கிறதாமே” என்று தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சில நாள் நிறுத்தினாலும் உடம்பு புதிய உறுப்பை நிராகரிக்கத் தொடங்கிவிடலாம். ஈறு போனால் சீவலாம். சிறுநீரகம் போனால் அக்காவிடம் இன்னொன்று கேட்க முடியுமா?

மாவும் புண்ணும்

அடுத்தபடியாக அடிக்கடி காண்பது பூஞ்சை. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தோசை மாவு சிந்தினாற்போல் வெள்ளைத் திட்டுகள். துணியால் துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். சிலருக்கு வெள்ளையே இருக்காது. நாக்கு வழவழவென்று சிவந்து, ரசம் பட்டாலே எரியும். சிலருக்குக் கடைவாய் வெடித்திருக்கும். பல் செட் போட்டிருப்பவர்களுக்கு அதன் அடியில், அண்ணத்தில், செட்டின் அச்சு அப்படியே சிவப்பாகத் தெரியும். இரவில் செட்டைக் கழற்றிவைக்காதவர்களுக்குத்தான் இது அதிகம். “செட் இல்லாமல் மாப்பிள்ளை எதிரில் எப்படி இருப்பது?” என்று என்னிடம் கேட்ட பாட்டி உண்டு. மாப்பிள்ளை தூங்கிய பிறகாவது கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள் என்றேன்.

வாய்ப்புண் எல்லாவற்றையும் உஷ்ணம் என்று தள்ளிவிடுவது நம் வழக்கம். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உறுப்பு மாற்றிக்கொண்டவரின் வாயில் வரும் புண்ணுக்குக் காரணங்கள் பல. உதட்டோரம் கொப்புளமாக வந்து போகும் ஹெர்ப்பிஸ் வைரஸ், இவர்களுக்கு நாக்கிலும் அண்ணத்திலும் பெரிய புண்ணாக வந்து வாரக்கணக்கில் ஆறாமல் இருக்கும். அதற்குத் தனி மருந்து உண்டு. சிரோலிமஸ், எவரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தே புண்ணை உண்டாக்கும். வேறு சில புண்கள் அடியிலிருக்கும் பெரிய தொற்றின் வெளி அடையாளமாக இருக்கும். கண்ணால் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்வது எங்களுக்கே கடினம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிட வேண்டும்.

இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை என்ற பெயரை நாடு முழுவதும் கேட்டோம். கொரோனாவுக்கு முன்பே அது இருந்தது. சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்களையும் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களையும் அது தாக்குவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரையைக் கொண்டுவரக்கூடியவை என்பதால் இவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேல்வரிசைப் பற்கள் திடீரென்று ஒரு பக்கமாக ஆடுவது, அண்ணத்தில் கறுப்புத் திட்டு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது அல்லது வலிப்பது, மூக்கிலிருந்து கறுப்பாக வடிவது. இவற்றில் எது தென்பட்டாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல் ஆடுகிறதே, பிடுங்கிவிடலாம் என்று கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் நேரமல்ல அது.

வெற்றிலை பாக்கு விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புகையிலை போடவில்லை, வெறும் சீவல்தான் என்பவர்கள் நம்மில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தி, 2004-இல் வெளியிட்ட நூலில் அதை விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கு உதட்டுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். கெட்டுப்போன செல்களைக் கண்டுபிடித்து அழிப்பதும் அந்த வாட்ச்மேனின் வேலைதானே? வெயிலில் நிற்கும் வேலை உள்ளவர்கள் தொப்பியும் உதட்டுக்குத் தகுந்த களிம்பும் போட்டுக்கொள்வது நல்லது. சீவலை விட்டுவிடுவது அதைவிட நல்லது.

மருந்துக்கடையில் வாங்கிய ஆபத்து

செம்பூர் அன்பர் கதையில் நான் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. முகாமுக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு அவருக்குக் கடைவாய்ப்பல்லில் வலி வந்திருக்கிறது. வழியில் இருந்த மருந்துக்கடையில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு வலி மாத்திரையும் ஓர் ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருக்கிறார். ஐந்து நாளில் வலி போய்விட்டது. ஆனால் அந்த மாதப் பரிசோதனையில் 1.3 ஆக இருந்த கிரியேட்டினின் 2.1 ஆகியிருந்தது. உறுப்பை உடம்பு நிராகரிக்கிறதோ என்று சந்தேகித்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். அக்கா ஊரிலிருந்து ஓடி வந்திருக்கிறார். கடைசியில், சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையை மனைவி கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. நல்ல வேளையாக, மருந்தை நிறுத்தியதும் மெல்ல மெல்ல அளவு இறங்கியது.

என்ன நடந்தது? டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் கத்திமேல் நடக்கும் மருந்துகள். ரத்தத்தில் அளவு குறைந்தால் உறுப்பு நிராகரிக்கப்படும்; கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கல்லீரலும் குடலும் இவற்றை ஒரு குறிப்பிட்ட நொதியால் கரைத்து வெளியேற்றுகின்றன. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் அந்த நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகிறது. பூஞ்சைக்குக் கொடுக்கும் புளூகோனசோல், கீட்டோகோனசோலும் அப்படித்தான். “வாயில் போட்டுச் சப்பும் மாத்திரைதானே, தடவும் ஜெல்தானே” என்று நினைக்கும் குளோட்ரிமசோல், மைகோனசோல்கூட அளவை ஏற்றிவிடும். பல் டாக்டர்களாகிய நாங்கள் தாராளமாக எழுதும் மெட்ரோனிடசோலும் ஏற்றக்கூடும். பூஞ்சைக்கு நிஸ்டாட்டின் திரவம் ரத்தத்தில் சேருவதில்லை என்பதால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் நாடுகிறோம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் இதற்கு நேர் எதிர். அளவை மளமளவென்று இறக்கிவிடும்.

வலி மாத்திரையின் கதை வேறு. ஐபுபுரூபன், டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நம் நாட்டில் இவற்றைப் பாரசிட்டமாலுடன் கலந்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். “பாரசிட்டமால்தான் கொடுங்கள்” என்று கேட்டாலும் சில சமயம் கலவைதான் கைக்கு வரும். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். கண்ணாடி இல்லையென்றால் பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வெறும் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில், இவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது.

இதே காரணத்தால் பம்பளிமாஸ் பழமும் அதன் உறவான கிரேப்புரூட்டும் வேண்டாம். அவையும் அந்த நொதியைத் தடுப்பவை. நாட்டு மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஊரிலிருந்து அன்போடு அனுப்பப்படும் கஷாயப் பொடிகளில் பல “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்ற பெயரில் வருகின்றன. கூடவே கூடாதே என்றுதான் இவர் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாத்திரை சாப்பிடுகிறார்! சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்களே 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதால் தீங்கில்லை. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் அடைப்பது ஈறைப் புண்ணாக்கிவிடும்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, டயாலிசிஸில் இருக்கிறார் என்றால் பல்லைக் கவனிக்க அதுதான் சரியான காலம். காப்பாற்ற முடியாத பற்களைப் பிடுங்கி, சொத்தையை அடைத்து, காரையை எடுத்துவிட வேண்டும். பிடுங்கிய இடம் ஆற இரண்டு மூன்று வாரமாவது வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடி வருவதில் பயனில்லை. டயாலிசிஸ் அன்று ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். ஆகவே பல் பிடுங்குவது மறுநாள். மாற்று ஆபரேஷன் முடிந்த பிறகு முதல் மூன்று மாதத்துக்கு, சிலருக்கு ஆறு மாதம்வரை, அவசரமானதைத் தவிர வேறு பல் வேலை எதையும் தொடுவதில்லை. மருந்தின் அளவு உச்சத்தில் இருக்கும் காலம் அது. அதன் பிறகு வேர் சிகிச்சை, பல் பிடுங்குதல் எல்லாமே செய்யலாம். முன்கூட்டி ஆன்டிபயாடிக் வேண்டுமா, ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டுமா என்பதை உறுப்பு மாற்று டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்று சற்று வேறு விவகாரம். நம் நாட்டில் 1983-இல் இதே மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையில் முதன்முதலில் செய்தார்கள். அதற்காகக் கொடுக்கும் கடுமையான மருந்துகளால் ஒரு வாரத்தில் வாய் முழுவதும் வெந்துபோகும், எச்சில் விழுங்கக்கூட முடியாது. புதிய ரத்த அணுக்கள் தலைகாட்டியதும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். மெல்பலான் என்ற மருந்து ஏறும் நேரத்தில் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கி வைத்திருந்தால் புண் குறைகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வாய்க்கு வரும் மருந்து குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். எளிய உபாயம், செலவும் இல்லை. மாதங்கள் கழித்து வேறொரு தொல்லை வரலாம். வந்த மஜ்ஜை, இருக்கும் உடம்பை அந்நியனாக நினைக்கும். கன்னத்தில் கோலம் போட்டாற்போல் வெள்ளைக் கோடுகள், காரம் பட்டால் தாங்கமுடியாத எரிச்சல், எச்சில் வற்றுதல், மடமடவென்று பல் சொத்தை. இவர்கள் மூன்று மாதத்துக்கொரு தரமாவது பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். மென்மையான பிரஷ், காலையும் இரவும் இரண்டு நிமிஷம், புளோரைடு உள்ள பேஸ்ட். மூன்று மாதத்துக்கொரு புதுப் பிரஷ். சாம்பல், செங்கல் பொடி, ஊரிலிருந்து வரும் கொரகொரப்பான பற்பொடி வேண்டாம். டாக்டர் குளோர்ஹெக்சிடின் கொடுத்திருந்தால் பல் தேய்த்து அரைமணி கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டும் அதுவும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்.

பல் டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக உறுப்பு மாற்றியிருப்பதைச் சொல்லுங்கள். நம்மவர்களில் சிலருக்கு இங்கே பாஷை ஒரு தயக்கம். “மேரா கிட்னி டிரான்ஸ்பிளாண்ட் ஹுவா ஹை” என்ற ஒரு வரி போதும், மீதியை அவர் கேட்பார். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, உறுப்பு மாற்று டாக்டரின் பெயர், தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் இருக்கட்டும். ரயில் பாஸ் வைக்கும் உறையில் அதையும் செருகி வைத்தால் மறக்காது. பல் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்தை, முதல் மாத்திரை விழுங்குவதற்கு முன் சிறுநீரக டாக்டருக்குப் போனில் படித்துக் காட்டுங்கள். எங்களில் யாரும் அதைக் குறைவாக நினைத்துக்கொள்ள மாட்டோம்.

அந்த அன்பரின் அக்காவை ஒரு முறை பார்த்தேன். கும்பகோணம் பக்கத்துக் கிராமம். தம்பியைப் பார்க்க மும்பைக்கு வந்தவர், அவருடன் என் கிளினிக்குக்கும் வந்திருந்தார். தம்பியின் ஈறைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்ட பிறகு, அவர் வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் ஒரு கடைவாய்ப்பல் ஆறு மாசமா வலிக்குது டாக்டரம்மா. ஒரு கிட்னிதானே இருக்கு, பிடுங்கினா ஏதாவது ஆயிடுமோன்னு யாருகிட்டயும் சொல்லலை.”

கொடுத்தவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை. அவர்களுக்கு எல்லோரையும் போலவே பல் சிகிச்சை செய்யலாம். ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் ஐபுபுரூபன் வகை வலி மாத்திரைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அன்றைக்கே பிடுங்கி, வெறும் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். ஐந்தாம் நாள் தாதரில் வண்டி ஏறுவதற்கு முன் காட்டிவிட்டுப் போக வந்தார். புண் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். தம்பிக்குப் பிடிக்குமே என்று ஊரிலிருந்து வாங்கி வந்த சீவல்.